அண்ணனுக்குக் கத்தி, தம்பிக்கு ஊசி

சோபா பட்டறையில் அண்ணனுக்கு ஒருகாலத்தில் 'கிரேன்' என்று பெயர். மூன்று பேர் உட்காரும் சோபாவைத் தனியாளாகத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, குறுகலான மாடிப்படியில் சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் ஏற்றிவிடுவான். வாங்கிய வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வாய்பிளந்து பார்ப்பார்கள். அவன் அதைக் கவனிக்காதவன்போல இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொள்வான். கவனிக்காமல் ஒன்றும் இல்லை.

அப்புறம் அவனுக்குக் குடல்வால் வெடித்தது. வயிற்றுக்குள் சீழ். தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை திறந்து கழுவினார்கள். தையல் போட்ட இடம் பழுத்துப் பிரிந்தது. மறுபடி தைத்தார்கள். படுக்கையில் கிடந்த மாதங்களில் தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி தும்முவான். எழுந்து நடமாடியபோது உள்ளே தசை சரியாகக் கூடவில்லை என்று தெரிந்தது. நின்றால், தழும்பின் நடுவில் கவிழ்த்துவைத்த கிண்ணம்போல வயிறு புடைக்கும். அதை அழுத்திப் பிடிக்க அகலமான பெல்ட் கொடுத்தார்கள். கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள்.

அதுவரை தையல் மெஷினில் குஷன் உறை தைத்துக்கொண்டிருந்தவன் தம்பி. இப்போது அண்ணன் மெஷினில் உட்கார்ந்தான். தம்பி வெளியே போனான். ஆளுயர ஃபோம் கட்டுகளைத் தூக்கினான், சோபாவை ஏற்றி இறக்கினான், வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசினான். அவனை முதலில் 'கிரேன் தம்பி' என்றார்கள். நாள் போகப்போக அந்த வால் அறுந்து, வெறும் 'கிரேன்' ஆகிவிட்டான்.

இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. தம்பி எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. பட்டறையிலேயே நல்ல மின்விசிறிக்குக் கீழே அண்ணனுக்கு இடம் போட்டுக் கொடுத்தான். அண்ணன் ஒரு ரெக்சின் சுருளை எடுக்கக் குனிந்தால்கூட ஓடி வருவான்.

"அண்ணா, நீ உக்காரு. நான் எடுக்கறேன்."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைக் கேட்டிருப்பான் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தான். உட்கார்ந்து, மெஷினின் பெடலைக் கொஞ்சம் அதிகமாகவே மிதித்தான்.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்கு வயிற்று வலி வந்தது. வாயு என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். வலி விட்டது என்றான். சில நாள் கழித்துக் காய்ச்சல் ஏறியது. வலது பக்க அடிவயிற்றைக் கையால் ஏந்திக்கொண்டு கூனி நடந்தான். அந்த நடை அண்ணனுக்குத் தெரியும். அவன் நடந்த நடை அது.

"வண்டில ஏறுடா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றான்.

"இந்த ஒரு டெலிவரி மட்டும் முடிச்சிட்டு..."

"ஏறுன்னா ஏறு."

வேனை ஓட்டிக்கொண்டு போனான். பின் சீட்டில் தம்பி தன் மனைவியின் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு நெஞ்சு படபடத்தது உண்மைதான். ஆனால் அந்தப் படபடப்புக்கு அடியில் வேறொன்று மெல்லத் தலைதூக்கியது: இனி இவனும் உட்காருவான்.

அவனே திடுக்கிட்டுப்போனான். சிக்னலில் நின்றபோது வேண்டுமென்றே வேறு எதையோ நினைத்தான். பச்சை விழுந்ததும் அது மறுபடி வந்தது. பட்டறையில் இரண்டு மெஷின்கள் எதிரெதிரே கிடந்தன. இவனும் ஆறு மாதம் படுத்து, பெல்ட் கட்டி, எதிரே வந்து உட்காருவான். அப்போது தெரியும்.

குடும்பத்தில் அண்ணன் மனைவியைப் பெரியவள் என்றும் தம்பி மனைவியைச் சின்னவள் என்றும்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் பெரியவளும் வந்து சேர்ந்தாள். ஸ்கேன் எடுத்து முடித்த பிறகு சர்ஜன் வார்டுக்கு வந்தார். நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"குடல்வால் வெடிச்சிருக்கு. பக்கத்துலயே ஒரு எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெருசா சீழ்க்கட்டி. ஆனா உடம்பு தானாவே அதச் சுத்தி ஒரு பை மாதிரி அடைச்சு வெச்சிருக்கு. பரவல. அந்தவரைக்கும் நல்ல காலம்."

"எப்ப டாக்டர் ஆபரேஷன்?" என்று கேட்டான் அண்ணன்.

"இப்ப ஆபரேஷன் வேணாம். உள்ள குடலெல்லாம் வீங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும். தொறந்தா கை பட்ட எடமெல்லாம் கிழியும். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே வெளியிலேருந்து ஒரு ஊசியை அந்தப் பைக்குள்ள விடுவாங்க. அது வழியா மெல்லிசா ஒரு டியூப் வெச்சிட்டா, சீழ் தானா வடிஞ்சிடும். கூட ஆன்டிபயாடிக். அவ்வளவுதான்."

"மயக்கம் குடுத்தா?" என்று சின்னவள் கேட்டாள்.

"அந்த எடம் மட்டும் மரத்துப்போற மாதிரி மருந்து. இவரு பேசிக்கிட்டே இருக்கலாம்."

"அப்புறம் எவ்வளவு நாள் படுக்கையில?"

"படுக்கையா? காய்ச்சல் எறங்கினா நடக்க வேண்டியதுதான். தேவைப்பட்டா டியூபோடவே வீட்டுக்குப் போகலாம்."

சின்னவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பெரியவள் கைகூப்பினாள். அண்ணன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாமே இவனுக்குச் சுலபம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்காதது, வேலை தேடி அலையாதது, கிரேன் என்ற பெயரை விலையில்லாமல் வாங்கியது, கடைசியில் அதே நோய்கூட இவனிடம் வரும்போது நகம் வெட்டிக்கொண்டு வருகிறது.

"டாக்டர்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "ஊசில எடுத்தா வேர் உள்ளயே இருக்குமே. மறுபடி வந்தா? அடியோட தொறந்து சுத்தம் பண்ணிடறதுதான் நல்லது."

"மறுபடி வரலாம், இல்லேன்னு சொல்லல. அப்படி வந்தாலும், வீக்கமெல்லாம் வத்தினப்புறம் நிதானமா எடுத்துக்கலாம். இப்ப தொறக்கறது தேவையில்லாத ஆபத்து."

"எனக்குத் தொறந்துதான் பண்ணாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றான். பெல்ட் இடுப்பில் அழுத்தியது. சர்ஜன் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து தம்பியின் குரல் வந்தது. உதடு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது.

"டாக்டர், எங்கண்ணன் இத அனுபவிச்சவரு. அவரு எப்படிச் சொல்றாரோ அப்படியே செஞ்சிடுங்க."

சர்ஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செய்யவே முடியாதுன்னு இல்ல. நீங்க அதுதான் வேணும்னா, என்னென்ன ஆகலாம்னு சொல்லிட்டுத்தான் செய்வேன். ஆனா என் வீட்டு ஆளா இருந்தா நான் ஊசிதான் சொல்வேன். ஸ்கேன் டாக்டர் வர்றாங்க. அதுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க."

அவர் போனதும் சின்னவள் அண்ணன் பின்னாலேயே நடைவழிக்கு வந்தாள். பினாயில் வாடை. யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது கடக்கும்வரை காத்திருந்தாள்.

"மாமா, டாக்டரே வேணாங்கறாரு."

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவரு நீங்க கிணத்துல குதின்னு சொன்னாலும் குதிப்பாரு மாமா. அது தெரிஞ்சு சொல்லுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியவள் தண்ணீர் பாட்டிலை இடுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் வயிற்றுப் புண்ணை மாதக்கணக்கில் துடைத்துக் கட்டுப் போட்டவள் அவள். அவனிடம் சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"பெல்ட் ஒண்ணு வாங்கணுமா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"உங்க தம்பிக்கு. இப்பவே அளவு குடுத்துட்டா வசதியா இருக்கும்ல. நீங்க நினைக்கறது அதானே?"

அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. "வாய மூடு" என்றான்.

"மூடிக்கறேன். நீங்க போய் அவன் மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லுங்க, தொறந்துக்கோன்னு. அப்புறம் நான் வாயே தொறக்கல."

கோபத்தோடுதான் உள்ளே போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. தம்பி கண்ணை மூடிக் கிடந்தான். காலடி கேட்டுத் திறந்தான்.

"அண்ணா, அதக் காட்டேன்."

"எத?"

"உன் தழும்ப. நான் பாத்ததே இல்ல."

உண்மைதான். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் யார் முன்னும் சட்டையைக் கழற்றியதில்லை. எந்த வெயிலிலும் பனியனுக்கு மேல் சட்டை, சட்டைக்குமேல் பிடிவாதம். இப்போது ஏனோ மறுக்கத் தோன்றவில்லை. பட்டனைக் கழற்றினான். பெல்ட்டைப் பிரித்தான். பனியனை மேலே சுருட்டினான். தழும்பு வெளுத்து, அகலமாக, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகளோடு தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. பெல்ட் விலகியதும் நடுவில் வயிறு மெல்லப் புடைத்து வெளியே வந்தது.

தம்பி வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டி, சூடான விரலால் அந்தப் புடைப்பை ஒருமுறை தொட்டான். கையை எடுத்துக்கொண்டான். பயந்துவிட்டான் என்று அண்ணனுக்குத் தெரிந்தது.

"ரொம்ப வலிச்சுதாண்ணா?"

"ம்."

"சரி." தம்பி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ தாங்கின. நானும் தாங்கிக்கறேன். நீ பக்கத்துல இருப்பல்ல?"

அண்ணன் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தம்பி இத்தனை எளிதாக ஒப்புக்கொண்டது அவனைச் சுட்டது. இவன் அழுதிருந்தால், மாட்டேன் என்று மல்லுக்கு நின்றிருந்தால், ஒருவேளை அண்ணனும் விடாப்பிடியாக நின்றிருப்பான்.

"வேணாம்டா" என்றான். "ஊசியே போதும்."

"ஏன், இப்பதானே தொறக்கணும்னு சொன்ன?"

"டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? ஊசியே வெச்சுக்கோ."

தம்பியின் முகம் தளர்ந்ததைப் பார்க்கப் பிடிக்காமல் பெல்ட்டைக் கட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டான். திரைக்கு வெளியே சின்னவள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். வழிவிட்டு ஒதுங்கினாள்.

ஸ்கேன் டாக்டர் குள்ளமான பெண். கட்டில் எட்டாமல் சின்ன முக்காலியில் ஏறி நின்று வேலை பார்த்தாள் என்று தம்பி பிற்பாடு சொல்லிச் சிரித்தான். ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்துக்கொண்டே இடம் குறித்தாளாம். மரத்துப்போகப் போட்ட ஊசி சுருக்கென்றதாம். அதற்குப்பிறகு யாரோ வயிற்றுக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்ததாம். "மூச்சப் பிடிங்க... விடுங்க" என்றாளாம். அவ்வளவுதானாம்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் காலை நீட்டி மடக்குவதற்குள் என்று சொல்லலாம், அவ்வளவு சீக்கிரம் தம்பியை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். வலது இடுப்பருகே ஒரு சின்னக் கட்டு. அதிலிருந்து நூடுல்ஸ்போல ஒரு டியூப். அதன் நுனியில் தொங்கிய பையில் பச்சையும் மஞ்சளும் கலந்து சீழ். பெரியவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்தனையும் உள்ள வெச்சுக்கிட்டா சோபா தூக்கினான்?" என்றாள்.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. தம்பி பசிக்கிறது என்றான். எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான். பையைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு வார்டைச் சுற்றி நடந்தான். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சோபா விலை பேசினான். தன் ஆபரேஷனுக்குப் பிறகு தான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கிடந்ததை அண்ணன் நினைத்துக்கொண்டான். தம்பி சாப்பிடும் சத்தம் அவன் காதில் அறைந்தது. பிழைத்துவிட்டான் என்ற நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு முள் கிடந்து குத்தியது.

டியூபோடு வீட்டுக்கு வந்தார்கள். அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஊசிக்குழலில் உப்புநீர் எடுத்து மெல்லச் செலுத்த வேண்டும். சின்னவள் பயந்து ஒதுங்கியதால் பெரியவள்தான் செய்தாள். "அண்ணன் வயித்துல தொழில் கத்துக்கிட்டேன், தம்பி வயித்துல கை திருந்திடுச்சு" என்று அவள் சொன்னபோது வீடே சிரித்தது. அண்ணனும் சிரித்து வைத்தான்.

பட்டறைக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் நலம் விசாரித்தார்கள். தம்பி எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னான்.

"நான் பயத்துல ஆபரேஷனே பண்ணிடுங்கன்னுட்டேன். எங்கண்ணன்தான் வேணாம்னு தடுத்தாரு. அவரு இல்லேன்னா இந்நேரம் வயித்தக் கிழிச்சிட்டுக் கெடப்பேன்."

பொய் சொல்லவில்லை அவன். காய்ச்சலில் எது முன், எது பின் என்று குழம்பியிருந்தது. நல்லது மட்டும் நினைவில் நின்றிருந்தது. வந்தவர்கள் அண்ணனைப் பார்த்து, "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். அண்ணன் மெஷினில் தலையைக் குனிந்துகொள்வான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் சின்னவள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தபோதும் இதே பேச்சு நடந்தது. அவள் அண்ணன் முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

பையில் ஒன்றும் வடியாமல் நின்றதும், மறுபடி ஸ்கேன் பார்த்து டியூபை எடுத்துவிடலாம் என்றார்கள். அண்ணன்தான் கூடப் போனான். ஸ்கேன் டாக்டர் டியூபை உருவி எடுத்துவிட்டு, தம்பி சட்டை போட்டுக்கொள்ளும் நேரத்தில் வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்த அண்ணனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

சொன்னான். சொல்லி முடித்ததும், இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டான். "எனக்கும் இந்த மாதிரி ஊசியில எடுத்திருக்கலாமா டாக்டர்?"

அவள் யோசித்தாள். "பழைய ஸ்கேன் இருக்கா?"

"எல்லாம் எங்கயோ போயிடுச்சு."

"அப்ப எனக்குத் தெரியல. சீழ் ஒரே எடத்துல கட்டியா இருந்தாத்தான் ஊசி. வயிறு முழுக்கப் பரவியிருந்தா தொறந்து கழுவறதத் தவிர வழியில்ல. உங்களுக்கு எப்படி இருந்ததோ. தொறந்ததால பொழச்சிருக்கலாம். வேற வழியும் இருந்திருக்கலாம். தெரியாதுன்னு சொல்றதுதான் நியாயம்." பிறகு, "ஆனா அந்தப் புடைப்ப இப்படியே வெச்சுக்கணும்னு இல்ல. சர்ஜன்கிட்டக் காட்டுங்க" என்றாள்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பான். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் வேனில் ஏறினான். தம்பிதான் ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"பாருண்ணா, கொசு கடிச்ச மாதிரி. உன் புண்ணியம்."

"என் புண்ணியம் இல்ல" என்றான் அண்ணன்.

"இல்லாம?"

"ஆபரேஷன் பண்ணச் சொன்னது நீ இல்ல. நான்தான் தொறக்கணும்னு டாக்டர்கிட்டச் சண்ட போட்டேன். உனக்காக இல்ல. பொறாமைல. நீயும் என்னை மாதிரி உக்காரணும்னு இருந்துச்சு."

தம்பி வேனை ஓரமாக நிறுத்தினான். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் உன்னை நம்பித்தானேண்ணா சரின்னு சொன்னேன்?"

"ஆமா."

"அத வெச்சு வெளையாடினியா?"

தம்பி வண்டியை எடுத்தான். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவன் அண்ணனோடு பேசவில்லை. வேலை விஷயம் என்றால் சின்னவளிடம் சொல்லி அனுப்பினான். அண்ணன் ரெக்சின் சுருளை எடுக்கக் குனிந்தபோது எவரும் ஓடி வரவில்லை. அவனே இழுத்துக்கொண்டு வந்து போட்டான். மூச்சு வாங்கியது. உட்காரச் சொல்ல ஆள் இல்லாமல் உட்கார்ந்தான்.

தம்பியிடம் சொன்னதைப் பெரியவளிடமும் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நெனச்சது பத்தாதுன்னு, சொன்னது பத்தாதுன்னு, இப்ப அவன்கிட்டயே போய் உடைச்சு வேற சொல்லிட்டீங்களா?" என்றாள். ஆனால் சாப்பாடு போடும்போது அவன் தட்டில் கூடக் கொஞ்சம் வைத்தாள்.

சர்ஜனைப் பார்க்க அவள்தான் ஏற்பாடு செய்தாள். கிளம்ப வேண்டிய நாளில் வீட்டு வாசலில் வேன் நின்றது. தம்பி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி சொன்னாங்க" என்றான். "ஏறு."

சர்ஜன் புடைப்பை அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார். தசை பிரிந்த இடம் ரொம்ப அகலம், சின்ன ஓட்டை வழியாகச் சரிசெய்ய முடியாது, பழைய தழும்பின் மேலேயே திறந்து உள்ளே வலைபோன்ற துணி வைத்துத் தைக்க வேண்டும் என்றார்.

"எனக்கு எப்பவும் கத்திதானா டாக்டர்?" என்று கேட்டான் அண்ணன். கேட்டுவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்தது. பக்கத்தில் தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டான். கடைசியில் அவனாலும் முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். சர்ஜன் இருவரையும் புரியாமல் பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி பக்கத்தில் இருந்தான். அதிகம் பேசவில்லை. மருந்து வாங்கி வந்தான், நர்ஸைக் கூப்பிட்டான், அண்ணன் இருமும்போது தலையணையை எடுத்துக் கொடுத்தான். மற்ற நேரமெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, டெலிவரிக்காரர்களைத் திட்டியபடி, கட்டிலுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். அலட்டல் இல்லாத, வலியே தெரியாத நடை. அண்ணன் அசையாமல் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதில் தையலின் எரிச்சல் பாதிதான் இருக்கும்.

"டேய்" என்றான். "என் கண்ணு முன்னாடி இப்படி நடக்காதடா. பொறாமையா இருக்கு."

தம்பி போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"பட்டுக்கோ" என்றான். "காசா பணமா?"

சொல்லிவிட்டு மறுபடி நடந்தான்.